குழந்தை யாரிடம் வளரும், யார் எப்போது பார்க்கலாம்? கஸ்டடி, விசிட்டேஷன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டுக் குடும்ப நல நீதிமன்றங்களின் நடைமுறையை ஒட்டி இந்தப் பக்கம் எழுதப்பட்டிருக்கிறது. கணவன் மனைவிக்குள் நடந்ததையெல்லாம் சொல்ல விவாகரத்து மனு இருக்கிறது. கஸ்டடி மனுவில் நீதிபதி தேடுவது வேறு. இந்தக் குழந்தையைக் காலையில் எழுப்பிப் பள்ளிக்கு அனுப்புவது யார், காய்ச்சல் வந்தால் அது யாரைத் தேடுகிறது, இப்போது இடம் மாற்றினால் எதை இழக்கும் என்பதைத்தான் அவர் பார்க்கிறார். கீழே உள்ள பதில்களையெல்லாம் இதை மனதில் வைத்துப் படியுங்கள்.

கார்டியன், கஸ்டடி இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. கார்டியன் என்றால் சட்டப்படியான பாதுகாவலர். குழந்தையின் சொத்து, வங்கிக் கணக்கு, முக்கிய முடிவுகள் அவர் பொறுப்பு. கஸ்டடி என்றால் குழந்தை அன்றாடம் யாருடன் இருக்கிறது என்பது. 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் பிரிவு 6, இயற்கைப் பாதுகாவலர் தந்தை, அவருக்குப் பின் தாய் என்று சொல்கிறது. 1999-இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குப் புது விளக்கம் கொடுத்தது. தந்தை இறந்த பிறகுதான் தாய் என்று பொருள் கொள்ளக் கூடாது. தந்தை குழந்தையைக் கவனிக்காமல் இருந்தாலோ, அவரால் முடியாமல் போனாலோ அப்போதே தாய் பாதுகாவலராகச் செயல்படலாம் என்றது. தந்தை இயற்கைப் பாதுகாவலராக இருக்க, கஸ்டடி தாயிடம் இருப்பது மிகச் சாதாரணம்.

ஐந்து வயதுக்குக் கீழே இருந்தால் கண்டிப்பாக அம்மாவிடம்தானா?

அதே பிரிவு 6, ஐந்து வயது முடியாத குழந்தை "சாதாரணமாக" தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது. "சாதாரணமாக" என்பதால் விதிவிலக்கும் உண்டு. தாய் குழந்தையை விட்டுவிட்டுப் போயிருந்தால், அடித்துத் துன்புறுத்தியதற்கு ஆதாரம் இருந்தால், கவனிக்கவே முடியாத நோயில் இருந்தால் மாறலாம். "எனக்குச் சம்பளம் அதிகம், வீடு பெரிது" என்று தந்தை சொல்வது மட்டும் போதாது. ஐந்து வயது முடிந்த மறுநாளே குழந்தை தானாகத் தந்தையிடம் போய்விடும் என்பதும் தவறான நம்பிக்கை. அதே சட்டத்தின் பிரிவு 13-இன்படி குழந்தையின் நலனே எல்லாவற்றுக்கும் மேல்.

எனக்கு வேலை இல்லை. குழந்தையைப் பிடுங்கிவிடுவார்களா?

வருமானம் இல்லாததை மட்டும் காரணமாகக் காட்டித் தாயிடமிருந்து குழந்தையைப் பிரிக்க மாட்டார்கள். பணத்துக்கு ஜீவனாம்சம் என்ற தனி வழி இருக்கிறது. மறுமணம் செய்துகொண்டதோ, கணவன் மனைவிக்குள் நடத்தை பற்றிய குற்றச்சாட்டு இருப்பதோ தன்னளவில் கஸ்டடியை முடிவு செய்யாது. அது குழந்தையை எப்படிப் பாதிக்கிறது என்று காட்ட வேண்டும். எதிர்த்தரப்பின் ஒழுக்கத்தைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதிவிட்டு, குழந்தை எந்த வகுப்பு, எந்த டாக்டரிடம் பார்க்கிறது என்று ஒரு வரிகூட எழுதாத மனுக்கள் நிறைய வருகின்றன. அப்படி ஒரு மனுவைப் படிக்கும் நீதிபதி என்ன முடிவுக்கு வருவார் என்று யோசித்துப் பாருங்கள்.

குழந்தை எந்த வயதில் "நான் இவரோடு இருக்கிறேன்" என்று சொல்லலாம்?

சட்டத்தில் வயது எதுவும் குறிப்பிடப்படவில்லை. 1890-ஆம் ஆண்டு பாதுகாவலர் சட்டத்தின் பிரிவு 17(3), விவரம் தெரிந்து விருப்பம் சொல்லும் வயது வந்த குழந்தையின் விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்கிறது. நீதிபதி தன் அறையில், பெற்றோரையும் வக்கீல்களையும் வெளியே அனுப்பிவிட்டுக் குழந்தையிடம் பேசுவார். விருப்பத்தைக் கேட்பார், ஆனால் அதற்குக் கட்டுப்பட்டவர் அல்ல. சொல்லிக்கொடுத்துக் கூட்டி வந்த குழந்தையை அடையாளம் காண்பது அவருக்குப் பெரிய சிரமம் இல்லை. எட்டு வயதுக் குழந்தை "அப்பா ஜீவனாம்சம் கட்டவில்லை" என்று தொடங்கினால், அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியும். 2017-இல் உச்ச நீதிமன்றம் இப்படி ஒரு பெற்றோருக்கு எதிராகக் குழந்தையின் மனதைத் திருப்புவதைத் தனியாகவே கவனித்துப் பேசியிருக்கிறது.

நாங்கள் கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள். எங்களுக்கும் இதே சட்டமா?

1890-ஆம் ஆண்டுச் சட்டம் எல்லா மதத்தவருக்கும் பொது. விவாகரத்து வழக்கு நடக்கும்போது அதற்குள்ளேயே கஸ்டடி கேட்க இந்துக்களுக்கு இந்துத் திருமணச் சட்டத்தின் பிரிவு 26, கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின் பிரிவு 41 தொடங்கி வருபவை, பதிவுத் திருமணம் செய்தவர்களுக்குச் சிறப்புத் திருமணச் சட்டத்தின் பிரிவு 38. முஸ்லிம் தனிச் சட்டத்தில் ஹனஃபி வழியில் (சுன்னி முஸ்லிம்களின் ஒரு சட்டப் பிரிவு) மகன் ஏழு வயது வரையும், மகள் பருவமடையும் வரையும் தாயிடம் இருக்கும் உரிமை சொல்லப்படுகிறது. அங்கும் குழந்தையின் நலனை நீதிமன்றம் தனியாக எடைபோடும்.

எந்த ஊர் நீதிமன்றத்தில் மனு போட வேண்டும்?

குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்தில். பாதுகாவலர் சட்டத்தின் பிரிவு 9 இதைச் சொல்கிறது. உங்கள் திருமணம் எங்கே நடந்தது, நீங்கள் எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்பது இதற்குப் பொருட்டல்ல. சண்டை போட்டுக்கொண்டு போன வாரம் சொந்த ஊருக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனால், அந்த ஊர் உடனே வழக்கமான இருப்பிடம் ஆகிவிடாது. எங்கே படித்தது, எவ்வளவு காலம் இருந்தது என்று பார்ப்பார்கள். இதில் தவறினால் ஒரு வருடம் கழித்தும் "இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை" என்று மனு திரும்பலாம். விவாகரத்து வழக்கு ஏற்கெனவே நடந்தால் அதிலேயே ஐ.ஏ. (வழக்குக்குள் போடும் இடைமனு) போடலாம். தனியாகப் போட்டால் அது ஜி.டபிள்யூ.ஓ.பி. (பாதுகாவலர் சட்டத்தின் கீழ் போடும் தனி மனு) என்று எண்ணாகும். தமிழ்நாட்டுக்குள் வேறு மாவட்டத்துக்கு மாற்ற உயர் நீதிமன்றத்திலும், வேறு மாநிலத்துக்கு மாற்ற உச்ச நீதிமன்றத்திலும் இடமாற்ற மனு போட வேண்டும்.

மனுவில் என்னென்ன இருக்க வேண்டும்? எதற்காகத் திருப்பி அனுப்புவார்கள்?

பாதுகாவலர் சட்டத்தின் பிரிவு 10-இல் பட்டியலே இருக்கிறது. குழந்தையின் பெயர், பாலினம், மதம், பிறந்த தேதி, வழக்கமான இருப்பிடம். இப்போது யார் வசம் இருக்கிறது. நெருங்கிய உறவினர் யார், எங்கே இருக்கிறார்கள். குழந்தைக்குச் சொத்து இருந்தால் அதன் விவரம். இதற்கு முன் எந்த நீதிமன்றத்திலாவது இதே கோரிக்கையோடு மனு போட்டதுண்டா, அதன் முடிவு என்ன. இப்போது மனு போடக் காரணம் என்ன. பாதுகாவலராக நியமிக்கக் கேட்டால், அந்தப் பொறுப்பை ஏற்கச் சம்மதம் என்ற அறிவிப்பில் கையெழுத்திட்டு, குறைந்தது இரண்டு சாட்சிகளின் கையெழுத்தோடு சேர்க்க வேண்டும். இந்தத் தாள் இல்லாமல் தாக்கல் செய்வது அடிக்கடி நடக்கும் தவறு.

ஆவணங்களில் பிறப்புச் சான்றிதழ், பள்ளியின் போனஃபைடு, கட்டணம் கட்டிய ரசீதுகள் (யார் பெயரில் கட்டியது என்பது முக்கியம்), தடுப்பூசி அட்டை, மருத்துவச் சீட்டுகள், குடியிருப்புச் சான்று ஆகியவற்றை வையுங்கள். வாட்ஸ்அப் உரையாடல்களை நீட்டினால் பாரதிய சாட்சிய அதிநியமம் 2023 (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63-இன் கீழ், மின்னணுப் பதிவுக்கான சான்றும் கேட்பார்கள். குடும்ப நல நீதிமன்றத்துக்குச் சாட்சிய விதிகளில் தளர்வு உண்டு. ஆனாலும் அதை நம்பி இருக்காமல் சான்றோடு போடுங்கள், அந்த போனை விற்றுவிடாதீர்கள்.

வழக்கு முடிய வருடக்கணக்கு ஆகுமே, அதுவரை?

அதனால்தான் முதல் வாய்தாவிலேயே இடைக்கால மனு போட வேண்டும். பாதுகாவலர் சட்டத்தின் பிரிவு 12, இந்துத் திருமணச் சட்டத்தின் பிரிவு 26 இரண்டும் இதற்கு இடம் தருகின்றன. குடும்ப வன்முறை நடந்திருந்தால் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 21-இல் மாஜிஸ்திரேட் தற்காலிகக் கஸ்டடி கொடுக்கலாம். சந்திப்பு குழந்தைக்குக் கேடு என்று தோன்றினால் அதை மறுக்கவும் செய்யலாம். எதிர்மனு போடாமல் வாய்தா வாங்கிக்கொண்டே போகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. இடைக்காலத்தில் ஆறு மாதம், ஒரு வருடம் குழந்தை எங்கே பழகுகிறதோ, அந்தப் பழக்கமே இறுதித் தீர்ப்பில் பெரிய காரணமாக நிற்கும்.

விசிட்டேஷன் உத்தரவில் என்ன எழுதி வாங்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். "தந்தை ஞாயிறுதோறும் குழந்தையைப் பார்க்கலாம்" என்று ஒரே வரியில் உத்தரவு வாங்கிக்கொண்டு போகிறவர்கள் மூன்றாவது ஞாயிறே மறுபடி நீதிமன்றத்துக்கு வருகிறார்கள். எத்தனை மணிக்கு? எங்கே? யார் கூட்டி வருவது? பரீட்சை நேரத்தில் என்ன செய்வது? குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அந்த ஞாயிறு போனது போனதுதானா? உத்தரவில் பதில் இல்லாத ஒவ்வொரு கேள்வியும் அடுத்த சண்டைக்கு விதை.

நடைமுறையில் நிற்கும் உத்தரவு இப்படி இருக்கும்: "மாதத்தின் முதல், மூன்றாம் சனிக்கிழமைகளில் காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை. தாய் அல்லது தாய்வழிப் பாட்டி குழந்தையை இன்ன இடத்தில் ஒப்படைக்க வேண்டும். தந்தை அதே இடத்தில் திரும்ப ஒப்படைக்க வேண்டும். 30 நிமிடத்துக்கு மேல் தாமதமானால் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். குழந்தைக்கு உடல்நலமில்லை என்றால் மருத்துவர் சீட்டை அன்றே அனுப்பி, அடுத்த சனிக்கிழமை ஈடுசெய்ய வேண்டும். செவ்வாய், வெள்ளி இரவு 7 முதல் 7.15 வரை வீடியோ கால். கோடை விடுமுறையின் முதல் பாதி தந்தையிடம். அரையாண்டு விடுமுறையில் ஐந்து நாட்கள். பொங்கல் ஒருவரிடம் என்றால் தீபாவளி மற்றவரிடம், அடுத்த ஆண்டு மாறி. பிறந்தநாளில் இரண்டு மணி நேரம்."

ஒப்படைக்கும் இடத்தை யார் வீட்டு வாசலாகவும் வைக்காதீர்கள். வாசலில்தான் மாமனார் வெளியே வருவார், பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார், வார்த்தை தடிக்கும். கோயில் வளாகம், பூங்கா, மெட்ரோ நிலையம் போன்ற பொது இடங்கள் நல்லது. தூரத்தையும் பாருங்கள். 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில் தாயும் இரண்டு வயதுக் குழந்தையும் மதுரையில் இருந்தார்கள், சந்திப்பு கரூரில் என்று உத்தரவு. வாராவாரம் அவ்வளவு சின்னக் குழந்தையை அவ்வளவு தூரம் அலைய வைப்பது சரியல்ல என்று சொல்லி, சந்திப்பை மதுரைக்கே மாற்றியது நீதிமன்றம். பார்க்கும் உரிமை பெற்றோருக்கு இருந்தாலும் பயணம் குழந்தையின் உடம்புக்குத்தான்.

வீடியோ காலைக் கட்டாயம் கேளுங்கள். 2020-இல் ஒரு தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், நேரில் சந்திப்பதோடு நிற்காமல் போனில், வீடியோவில் தொடர்பில் இருக்கும் உரிமையும் வேண்டும், தினமும் ஐந்து பத்து நிமிடம் பேச விடலாம் என்று சொல்லியிருக்கிறது.

முதல் சந்திப்பு நீதிமன்றத்திலேயே என்கிறார்கள். எப்படித் தயாராவது?

வெகுநாள் பிரிந்திருந்தாலோ, பயமிருப்பதாக ஒரு தரப்பு சொன்னாலோ, முதல் சில சந்திப்புகளை நீதிமன்ற வளாகத்தில் உள்ள குழந்தைகள் மையத்திலோ சமரச மையத்திலோ, கவுன்சிலர் (நீதிமன்ற ஆலோசகர்) முன்னிலையில் ஒன்றிரண்டு மணி நேரம் வைப்பார்கள். விலை உயர்ந்த பொம்மை வேண்டாம். குழந்தைக்குப் பழக்கமான ஒரு தின்பண்டம், வண்ணப் பென்சில், ஒரு படப் புத்தகம் போதும். முதல் கால் மணி நேரம் குழந்தை உங்களிடம் வராமல் இருந்தால் தரையில் உட்கார்ந்து நீங்களே வரையத் தொடங்குங்கள், அதுவாக வரும். "அம்மா வீட்டுக்கு யார் வர்றாங்க?" "அப்பா என்னைப் பத்தி என்ன சொன்னார்?" என்று மட்டும் கேட்காதீர்கள். கவுன்சிலரின் அறிக்கை நீதிபதியிடம் போகும். பத்துப் பேர் உறவினரைக் கூட்டிக்கொண்டு போவதும், அழுவதை போனில் படம் பிடிப்பதும் உங்களுக்கு எதிராகவே திரும்பும்.

உத்தரவு இருந்தும் குழந்தையைக் கூட்டி வருவதில்லை. என்ன செய்வது?

குறித்த நேரத்துக்கு முன்பே போய், நேரம் முடியும் வரை இருங்கள். அங்கிருந்தே "இன்ன இடத்தில் இத்தனை மணி முதல் காத்திருக்கிறேன்" என்று ஒரு செய்தி அனுப்புங்கள். திட்டாதீர்கள், அந்தச் செய்தியை ஒரு நாள் நீதிபதி படிப்பார். இரண்டு மூன்று முறை தொடர்ந்தால் தேதிவாரியாக எழுதி மனு போடுங்கள்.

பாதுகாவலர் சட்டத்தின் பிரிவு 45, குழந்தையை ஆஜர்படுத்தச் சொன்ன உத்தரவை மீறினால் 100 ரூபாய் வரை அபராதம், தொடர்ந்தால் நாளுக்கு 10 ரூபாய், மொத்தம் 500 ரூபாய்க்கு மேல் போகாமல் என்று சொல்கிறது. 1890-இல் எழுதிய தொகை அப்படியே நிற்கிறது. அதே பிரிவில், ஆஜர்படுத்துவதாக உறுதி கொடுக்கும் வரை சிவில் சிறையில் வைக்கும் அதிகாரமும் உண்டு. நிறைவேற்று மனு (உத்தரவை அமல்படுத்தக் கேட்பது), உயர் நீதிமன்றத்தில் அவமதிப்பு மனு (மீறிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள்) ஆகிய வழிகளும் இருக்கின்றன. நடைமுறையில் அதிகம் பலிப்பது, சந்திப்பு நேரத்தை அதிகமாக்கவோ, இரவு தங்கல் கேட்டோ, பிடிவாதம் தொடர்ந்தால் கஸ்டடியையே மாற்றவோ போடும் மனுதான்.

குழந்தையே வர மாட்டேன் என்று அழுகிறது. கட்டாயப்படுத்த வேண்டுமா?

கையைப் பிடித்து இழுக்காதீர்கள், அதற்காக வீட்டிலேயே இருந்துவிடவும் வேண்டாம். சொன்ன இடத்துக்குக் கூட்டிப் போங்கள். வந்திருப்பவரிடம் நிலைமையைச் சொல்லுங்கள். உத்தரவை நீங்களாகவே நிறுத்தினால் மீறியவர் நீங்கள்தான். சந்திப்பில் உண்மையாகவே ஆபத்து இருக்கிறதென்றால், அடுத்த சந்திப்புக்கு முன்பே உத்தரவை மாற்றக் கேட்டு மனு போட வேண்டும். உடல் ரீதியான, பாலியல் ரீதியான துன்புறுத்தல் சந்தேகம் என்றால் 1098-க்கு அழையுங்கள், வாய்தாவுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

பணம் கொடுக்கவில்லை, அதனால் காட்ட மாட்டேன் என்று சொல்லலாமா?

கூடாது. காட்டவில்லை, அதனால் பணம் கொடுக்க மாட்டேன் என்பதும் கூடாது. ஜீவனாம்சத்துக்கு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 144 (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125) உட்பட தனி வழிகள் உள்ளன. 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்புக்குப் பிறகு இரு தரப்பும் சொத்து, வருமான விவரங்களைப் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்ய வேண்டும்; மனு போட்ட தேதியிலிருந்தே தொகை கணக்காகும். இரண்டையும் முடிச்சுப் போடுகிறவர்கள் இரண்டு வழக்கிலும் பலவீனமாகிறார்கள்.

மகளிர் காவல் நிலையத்தில் எழுதி வாங்கியிருக்கிறோம். அது போதாதா?

போதாது. காவல் நிலையத்தில் எழுதிய உறுதிமொழியும், ஊர்ப் பெரியவர்கள் முன்னால் முத்திரைத்தாளில் எழுதியதும் நீதிமன்ற உத்தரவு ஆகாது. குழந்தையின் நலன் விஷயத்தில் பெற்றோர் தங்களுக்குள் போட்ட ஒப்பந்தம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. நீதிமன்ற உத்தரவு எதுவும் இல்லாத நிலையில் தந்தையோ தாயோ குழந்தையைக் கூட்டிப் போனால், போலீஸ் பெரும்பாலும் அதைக் கடத்தல் வழக்காக எடுப்பதில்லை. சிவில் விவகாரம் என்று அனுப்பிவிடுவார்கள். பால்குடிக் குழந்தையைத் திடீரென்று பிடுங்கிப் போனது போன்ற நிலையில் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. விரிவாகச் சாட்சி விசாரிக்க வேண்டிய விவகாரம் என்றால் பாதுகாவலர் சட்டத்துக்கே திருப்பி அனுப்புவார்கள்.

குழந்தையோடு வெளிநாடு போகலாமா? போய்விடாமல் தடுக்கலாமா?

வழக்கு நிலுவையில் இருந்தாலோ கஸ்டடி உத்தரவு இருந்தாலோ நீதிமன்ற அனுமதி வாங்காமல் போகாதீர்கள். வேலைக்காகப் போகிற தாய்க்கு அனுமதி கொடுத்து, தந்தைக்கு வீடியோ காலும் விடுமுறைச் சந்திப்பும் வைத்த தீர்ப்புகள் உண்டு. குழந்தையின் பாஸ்போர்ட்டுக்குப் பெற்றோர் இருவரின் சம்மதத்தோடு தரும் படிவம் இணைப்பு டி. மற்றவர் சம்மதம் கிடைக்காதபோது ஒரு பெற்றோர் மட்டும் கொடுக்கும் உறுதிமொழி இணைப்பு சி. அதில் நடக்கும் வழக்கை மறைத்தால் பிறகு சிக்கல்.

குழந்தைக் கடத்தல் பற்றிய 1980 ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை. அதனால் வெளிநாட்டு நீதிமன்ற உத்தரவு இங்கே தானாகச் செல்லாது. 2015-இல் கோயம்புத்தூருக்கு மகள்களுடன் வந்துவிட்ட தாயின் வழக்கில், இங்கிலாந்து நீதிமன்றம் முதலில் உத்தரவு போட்டதற்கு உச்ச நீதிமன்றம் பெரிய மதிப்புக் கொடுத்தது. 2017-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்த அணுகுமுறையை ஏற்கவில்லை. வெளிநாட்டு உத்தரவு பல காரணங்களில் ஒன்று மட்டுமே, குழந்தையின் நலனே முதலில் என்றது.

தீர்ப்பு வந்துவிட்டது. மாற்றவே முடியாதா?

முடியும். கஸ்டடி உத்தரவு எதுவும் கல்வெட்டு அல்ல என்பதை உச்ச நீதிமன்றம் 1973-இலேயே தெளிவாக்கிவிட்டது. பரஸ்பர சம்மத விவாகரத்தில் எழுதிக்கொடுத்ததையும் சூழ்நிலை மாறினால் மாற்றக் கேட்கலாம். ஆனால் சம்மதத்தின் பேரில் போட்ட உத்தரவுக்கு மேல்முறையீடு கிடையாது. குடும்ப நல நீதிமன்றச் சட்டத்தின் பிரிவு 19(2) அப்படிச் சொல்கிறது. ஆகவே சமரச மையத்தில் "சீக்கிரம் முடிச்சுக்கலாம்" என்று நீட்டும் தாளை வரிவரியாகப் படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். மற்ற இறுதி உத்தரவுகளுக்கு 30 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும். சான்று நகலுக்கு அன்றைக்கே விண்ணப்பியுங்கள்.

நாங்கள் தாத்தா பாட்டி. எங்களுக்கு உரிமை உண்டா?

பெற்றோர் இறந்துவிட்டாலோ, உயிரோடிருப்பவர் தகுதியற்றவர் என்றாலோ நீங்கள் பாதுகாவலராகக் கேட்கலாம். தந்தையோ தாயோ உயிரோடு தகுதியோடு இருக்கும்போது வேறொருவரைப் பாதுகாவலராக நியமிக்கப் பாதுகாவலர் சட்டத்தின் பிரிவு 19 தடையாக நிற்கும். ஆனால் கஸ்டடி வேறு, கார்டியன் வேறு என்று முதலிலேயே சொன்னோம். மகள் இறந்த பிறகு வருடக்கணக்கில் உங்களிடம் வளரும் பேரனை உங்களிடமே விட்டு, தந்தைக்குச் சந்திப்பு உரிமை கொடுப்பது நடக்கிறது. பள்ளிப் பதிவேட்டில் பாதுகாவலராக யார் கையெழுத்து இருக்கிறது என்பதை எடுத்து வையுங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லை.

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவச வக்கீல் உண்டு. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் பிரிவு 12 இதைச் சொல்கிறது. மற்றவர்களுக்கு வருமான வரம்பு பார்ப்பார்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு ஆதாரும், குழந்தையின் பிறப்புச் சான்றிதழும், நீதிமன்ற நோட்டீஸ் வந்திருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். தொலைபேசியில் கேட்க 15100. நோட்டீஸில் வாய்தா தேதி இருக்கும். வக்கீல் கிடைக்கவில்லை என்றாலும் அன்றைக்கு நேரில் போய் நில்லுங்கள். போகாவிட்டால் உங்களைக் கேட்காமலே எக்ஸ்பார்ட்டி உத்தரவு போட்டுவிட இடமிருக்கிறது.